இருபதாவது நிமிஷம்

கசார்வாடி
2.7.2025

அருணாச்சலம் அவர்களுக்கு,

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் உங்கள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ரேஷன் கார்டு விண்ணப்பத்தில்கூட அந்த இடத்தை நீங்களே வாங்கி நிரப்பிக்கொண்டீர்கள். இப்போது எழுதிப் பார்த்தேன். கை ஒன்றும் கூசவில்லை.

நான் சுகம். ஓர் அறை, ஒரு ஜன்னல், கீழே லேத் பட்டறை. காலை ஒன்பது மணிக்கு இரும்பு கடைகிற சத்தம் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓயாது. தளேகாவ் வீட்டில் உங்கள் பேச்சைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது பெரிதில்லை.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று ஜெபகுமாரிடம் கேட்டீர்களாம். உங்கள் ஃபாக்டரிக்காரர், என் தெருவில் குடியிருப்பவர், பாவம், இரண்டு பக்கமும் முழித்துக்கொண்டு நிற்கிறார். காரணம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவைக்கிறேன். ஜூன் பன்னிரண்டாம் தேதி நான் குளிக்கப் போயிருந்தபோது என் போன் அடித்தது. பேசியது ஆபீஸிலிருந்து என் மேலதிகாரி ஸ்நேஹா. நீங்கள் எடுத்து, கிரிஜா இனிமேல் வேலை பார்க்க மாட்டாள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இந்தியில் சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் தலை துவட்டிக்கொண்டு வந்து லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே விடவில்லை. மூன்று வருஷமாக வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் மனுக்களைச் சரிபார்த்த வேலை, ஈரத்தலை காய்வதற்குள் போயிருந்தது.

என் வாயால் நீங்கள் பேசிவிட்டீர்கள். அதனால்தான் வீட்டை விட்டு வந்தேன். இனி உங்களோடு காகிதத்தில் மட்டும். காகிதத்தில் எனக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது.

ஸ்நேஹாவிடம் கெஞ்சினேன் என்று நினைக்க வேண்டாம். சண்டை போட்டேன். செப்டம்பர் இருபதுவரை சோதனைக்காலம் கொடுத்திருக்கிறாள். அதற்குள் ஷிஃப்ட் நடுவில் பத்துத் தடவை இணைப்பு அறுந்து, அரைமணி நேரத்துக்குள் திரும்பி வராவிட்டால் வேலை போய்விடும். அந்தக் கணக்கில் இன்றோடு மூன்று ஆகிவிட்டது. போன அக்டோபரிலிருந்து நடக்கிற அதே கூத்துதான். லேப்டாப்பைத் திறந்து சரியாக இருபதாவது நிமிஷம் வைஃபை போய்விடுகிறது. அது தளேகாவ் லைனின் குற்றம் என்று நீங்களும் சொன்னீர்கள், நானும் நம்பினேன். இங்கே வேறு லைன், அதே இருபது நிமிஷம்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அன்று நீங்கள் சொன்னது என் வார்த்தை இல்லை என்று ஸ்நேஹாவுக்கு உங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள். "உங்க வீட்டுக்காரர் மறுபடி போனை எடுக்கமாட்டாரே?" என்று அவள் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

கிரிஜா

—

தளேகாவ்
7.7.2025

அன்புள்ள கிரிஜாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையில் என் பெயரை அப்படி மொட்டையாகப் பார்த்ததும் பாங்கிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது என்று பயந்துபோனேன். உள்ளே இருந்தது அதைவிட மோசம்.

இங்கே எல்லாம் நடக்கிறது. நேற்று ரசம் வைத்தேன். ஹர்ஷா ஹைதராபாத்திலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா, இது என்ன, சாயம் போன தண்ணியா?" என்கிறான். இருபது வயதில் வாய் மட்டும் உன்னைப்போல. ஆனாலும் சாப்பிட்டேன்.

நான் செய்ததைக் குற்றமாக எழுதியிருக்கிறாய். ஒன்பது மாதமாக அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து நீ அழுததை யார் பார்த்தார்கள்? அந்த ஸ்நேஹாவா பார்த்தாள்? நான் பார்த்தேன். இணைப்பு அறுந்தால் அழுகை, வந்தால் பதற்றம், சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் காய்ந்துபோகும். ஒரு மனுஷன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னான். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

கடிதம் எழுதிக் கொடு என்கிறாய். நாற்பது ஆட்களை வேலை வாங்குகிற ஃபோர்மேன், நம் பையனைவிட ஐந்தாறு வயது மூத்த பெண்ணிடம் மன்னிப்பு எழுதுவதா? அது நடக்காது.

வைஃபைக்கு வழி சொல்கிறேன். ரூட்டரைத் தரையில் வைத்திருப்பாய். பீரோவுக்குப் பக்கத்தில் வைக்காதே, இரும்பு எல்லாவற்றையும் தின்றுவிடும். கீழே லேத் ஓடினால் மோட்டார் வேறு குழப்பும். எல்லாவற்றையும்விட நல்ல வழி, வீட்டுக்கு வந்துவிடு. பருப்புப் பொடி ஒரு டப்பா ஜெபகுமாரிடம் கொடுத்திருக்கிறேன், போன மாதம் நீ அரைத்ததுதான்.

அருணாச்சலம்

—

கசார்வாடி
18.7.2025

அருணாச்சலம் அவர்களுக்கு,

பொடி வந்தது. நான் அரைத்த பொடியை எனக்கே அனுப்பியதற்கு நன்றி.

நீங்கள் சொன்னதெல்லாம் செய்தாயிற்று. ரூட்டர் இப்போது சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பீரோ என்னிடம் இல்லை, கொடிக்கயிறுதான். கீழே பட்டறை ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தபோதும் அறுந்தது. வையர் போடலாம் என்றால் இந்த மெல்லிய லேப்டாப்பில் அதற்கான துளையே இல்லை. யுஎஸ்பியில் எதைச் செருகினாலும் ஆபீஸ் பூட்டு விடாது.

பிறகு நானாக ஒன்று செய்தேன். ரூட்டரை அணைத்துவிட்டு என் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தேன். அதே இருபதாவது நிமிஷம் லேப்டாப்பில் போய்விட்டது. போனில் எல்லாம் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, உங்கள் லைனும் என் லைனும் நிரபராதி. வியாதி லேப்டாப்பின் வயிற்றில் இருக்கிறது.

அடுத்து அணைத்து ஆறவைத்தேன். ஆறிய பிறகு மறுபடி இருபது நிமிஷம் ஓடியது. டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பி வைத்தேன், முப்பத்தைந்து நிமிஷம் ஓடியது. சூடானால் ஏதோ ஒன்று உள்ளே விட்டுப்போகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் ஃபோர்மேன் உத்தியோகம் கொடுக்கவில்லை.

பிம்ப்ரியில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மேடம், சாப் கோ பேஜ் தோ, உன்கோ சம்ஜா தூங்கா" என்றார். ஐயாவை அனுப்புங்கள், அவருக்குப் புரியவைக்கிறேன் என்கிறார். இந்த ஊரில் எனக்குப் பதிலாகப் பேச எத்தனை பேருக்கு ஆசை பாருங்கள். அவர் கண்ணெதிரே லேப்டாப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய், நுனி சின்னதான ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நானே திறக்கப்போகிறேன்.

ஸ்நேஹாவின் கணக்கில் இதுவரை ஆறு ஆகியிருக்கிறது. கடிதம் எழுதிவிட்டீர்களா?

கிரிஜா

—

தளேகாவ்
21.7.2025

கிரிஜா,

இதை ஜெபகுமாரை பிளாட்பாரத்தில் நிற்கவைத்து எழுதுகிறேன். லோக்கல் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

அதைத் திறக்காதே. நீ இதுவரை ஒரு மிக்ஸியைக்கூடத் திறந்தவள் இல்லை. உள்ளே நூல் நூலாக வையர் இருக்கும். ஒன்று அறுந்தால் பெட்டி முழுக்க வீண். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து எடுத்துப்போகிறேன். எங்கள் மெயின்டனன்ஸ் ஆளிடம் கொடுத்து நானே பக்கத்தில் நின்று பார்த்து வாங்கி வருகிறேன். அடிப்பக்கத்து மூடியில் கை வைக்காதே. சொன்னால் கேள்.

அருணாச்சலம்

—

கசார்வாடி
3.8.2025

அருணாச்சலம் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து கதவைத் தட்டியபோது நான் உள்ளேதான் இருந்தேன். திறக்கவில்லை. லேப்டாப்பை நீங்கள் எடுத்துப்போனால் ஷிஃப்ட்டுக்கு நான் எதைத் திறப்பேன் என்று நீங்கள் யோசிக்கவில்லை, அதனால்தான்.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

இன்று லீவு. காலையில் குளித்து, மேசையில் பேப்பர் விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டேன். பத்துத் திருகாணி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம் என்று தெரிந்ததும் இட்லித் தட்டை எடுத்தேன். எந்த மூலையிலிருந்து கழற்றினேனோ அந்தக் குழியில் போட்டுவைத்தேன். ஒன்றுகூட மாறவில்லை. மூடியைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்பினேன். டக் டக்கென்று விட்டது. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். அதற்கு முன்பு போனில் நாலு வீடியோ பார்த்திருந்தேன். பயமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

வைஃபைக்கு ஒரு சின்ன அட்டை இருக்கிறது, தபால்தலை அளவுதான். அதில் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டு வையர்கள், சட்டைப் பொத்தான்போல மாட்டியிருக்கின்றன. கறுப்பு நன்றாக இருந்தது. வெள்ளையின் தலையைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டித்துப்போயிருந்தது. நடுவில் சிவப்பு. பொத்தான் சரியாக அமரவே இல்லை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சூடானால் அது இன்னும் தூக்கும். அவ்வளவுதான் என் இருபதாவது நிமிஷம்.

துரு என்றுதான் நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன். மூக்குக்குக் கொண்டுபோனேன்.

சந்தனம். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், மேலே குங்குமம்.

அந்த இடத்துக்கு நேர் கீழேதான் அடிமூடியில் காற்றுப்போகும் சன்னத் துளைகள் இருக்கின்றன. போன வருஷம் ஆயுத பூஜை அன்று எனக்கு ஷிஃப்ட் இருந்தது. லேப்டாப்பை நான் பூஜையில் வைக்கவில்லை. அருவாமணைக்கும் மிக்ஸிக்கும் உங்கள் ஸ்கூட்டருக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். இதற்கு வைக்கவில்லை. வீட்டில் இருந்த இன்னொரு ஆள் நீங்கள்தான்.

அரைமணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு கோபம் என்று எழுத முடியவில்லை. ஒன்பது மாதம் அழுதேன் என்று எழுதினீர்களே, அந்த அழுகைக்குக் காரணம் உங்கள் விரல். அதைக் காட்டித்தானே என் வேலையையும் பறித்தீர்கள்.

கோபத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் மெஷினுக்கு வைக்கிற பொட்டை என் மெஷினுக்கும் வைத்திருக்கிறீர்கள். இதை ஒரு வேலை என்று நினைக்காமல் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். "டொக்கு டொக்குன்னு தட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று என் அண்ணன் எதிரில் கேட்ட ஆளும் நீங்கள்தான். இதில் எந்த ஆள் நீங்கள்? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுச் சுத்தம் செய்து, பொத்தானை அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. ஸ்நேஹாவின் கணக்கில் எட்டு ஆகியிருக்கிறது. ஒன்பதாவது வராது.

கிரிஜா

—

தளேகாவ்
10.8.2025

அன்புள்ள கிரிஜாவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். ஒரு வாரமாக எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான்தான் வைத்தேன். ஃபாக்டரியில் பூஜை முடிந்து மிச்சச் சந்தனத்தை இலையில் மடித்து எடுத்துவந்தேன். நீ சுண்டல் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போயிருந்தாய். லேப்டாப் மேசைமேல் மூடியிருந்தது. காலை ஏழரையிலிருந்து நாலுவரை நீ எழுந்திருக்காமல் வேலை பார்த்த நாள் அது. எல்லா மெஷினுக்கும் பொட்டு இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லையே என்று தோன்றியது. மேலே வைத்தால் நீ பார்ப்பாய். "இப்பத்தான் இது வேலைன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டுச் சிரிப்பாய். அதனால் கவிழ்த்து அடியில் வைத்தேன். பன்னீர் கொஞ்சம் அதிகம். மறுநாள் நீ எழுவதற்கு முன்பே வெளியில் இருந்ததைத் துடைத்துவிட்டேன். உள்ளே வழிந்தது தெரியாது.

சூடானால் விட்டுப்போகிறது என்று நீ எழுதினாயே, அப்போதே எனக்கு உறைத்தது. சூட்டில் பொருத்து இளகும் என்று தினமும் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். அதனால்தான் திறக்காதே என்று பிளாட்பாரத்தில் நின்று எழுதினேன். வீட்டுக்கு எடுத்துவந்து உனக்குத் தெரியாமல் சுத்தம் செய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எந்த ஆள் என்று கேட்டாய். இரண்டும் நான்தான். நீ அழுததைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று எழுதினேன், அது பாதி நிஜம். மீதி, எட்டு மணி நேரம் அந்த அறைக் கதவு சாத்தியிருக்கும். எனக்கு மதியத்து ஷிஃப்ட் இருக்கிற நாட்களில் காலையெல்லாம் நான் என் வீட்டுக்குள்ளேயே செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பேன். டிவி போட முடியாது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று போன் அடித்தபோது அதுதான் பேசியது.

சரியாக ஓடுகிறதா என்று ஒரு வரி எழுது.

அருணாச்சலம்

—

கசார்வாடி
20.9.2025

அருணாச்சலம் அவர்களுக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். ஜெபகுமார் தினமும் காலையில் என் வாசலைக் கடக்கும்போது ஒருமுறை நின்றுவிட்டுப் போவார். கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மெதுவாக நடப்பார். அவரிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள்.

சரியாக ஓடுகிறது. ஆகஸ்ட் மூன்றாம் தேதிக்குப் பிறகு ஒரு தடவைகூட அறுபடவில்லை. எட்டிலேயே நின்றுவிட்டது. இன்று மதியம் ஸ்நேஹா கூப்பிட்டு வேலை நிரந்தரம் என்று சொன்னாள். எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டாள். நானே திறந்தேன் என்றேன். சந்தனத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

இனி உங்கள் கடிதம் என் வேலைக்குத் தேவையில்லை. அது இல்லாமலே நான் ஜெயித்துவிட்டேன். அதனால்தான் இப்போது மறுபடி கேட்கிறேன். எனக்காக எழுதுங்கள். எனக்குப் பதிலாகப் பேசியதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று ஜெபகுமாரைக் கேட்கச் சொன்னீர்களாம். இல்லை. நீங்கள் என் வேலையைக் கேலி செய்தது எல்லோருக்கும் தெரியும். மதித்தது மட்டும் அடிமூடிக்குக் கீழே. மதிப்பதை எனக்குத் தெரியாமல் ஒளித்துவைத்ததில்தான் இவ்வளவும் நடந்தது. மேலேயே வைத்திருந்தால் நான் சிரித்திருப்பேன், நிஜம்தான். அதோடு போயிருக்கும்.

இன்னொன்று. இந்த அறைக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்தும் போட்டாயிற்று. என் பெயருக்கு மட்டும். இதை உங்களிடம் அனுமதியாகக் கேட்கவில்லை, செய்தியாகச் சொல்கிறேன்.

கிரிஜா

—

தளேகாவ்
25.9.2025

அன்புள்ள கிரிஜாவுக்கு,

வேலை நிரந்தரமானது சந்தோஷம். கேன்டீனில் எல்லோருக்கும் சொன்னேன். "என் வீட்டுக்காரி லேப்டாப்பைத் தானே பிரிச்சு மாட்டியிருக்கா" என்றேன். மெயின்டனன்ஸ் ஆள் நம்பவில்லை. இட்லித் தட்டைச் சொன்னதும் நம்பினான். அதைத் தானும் செய்யப்போகிறானாம்.

கடிதம் எழுதிவிட்டேன். இந்தியில் எழுதி, பதிவுத் தபாலில் ஆபீஸ் விலாசத்துக்கு ஸ்நேஹா பெயருக்கு அனுப்பினேன். ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ படிக்கத் தமிழில்:

"ஜூன் பன்னிரண்டு அன்று கிரிஜா வேலையை விடுகிறாள் என்று நான் சொன்னது பொய். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவளைக் கேட்காமல் அவள் போனை எடுத்துச் சொன்னேன். அவள் இணைப்பு அறுந்ததும் என் தவறால்தான், அவள் தவறில்லை. இனி அவளைப் பற்றி எதுவும் அவளிடம்தான் கேட்க வேண்டும். — அருணாச்சலம், ஃபோர்மேன்."

கடைசியில் ஃபோர்மேன் என்று போட வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு போட்டேன். நான் யார் என்று தெரிந்தே எழுதியதாக இருக்கட்டும்.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. டிவியைப் போடுகிறேன், பார்ப்பதில்லை. நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதை அடியில் எழுதாமல் நடுவில் எழுதுகிறேன்.

புதன்கிழமை ஆயுத பூஜை. ஃபாக்டரியில் முடித்துவிட்டு லோக்கலில் அங்கே வரலாமா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

அருணாச்சலம்

—

கசார்வாடி
28.9.2025

அன்புள்ள அருணாச்சலம் அவர்களுக்கு,

ரசீது கிடைத்தது. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை இரண்டு தடவை படித்தேன்.

வரலாம். நாலு மணிவரை எனக்கு ஷிஃப்ட். அதற்கு முன்பே வந்தால் கீழே பட்டறையில் உட்காருங்கள், அங்கேயும் பூஜைதான், பொரி கொடுப்பார்கள். கதவை ஒருமுறை தட்டினால் போதும், நான் திறப்பேன். ரசம் வைத்துவைக்கிறேன். வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. வர வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் நானே எழுதுவேன். ஏழரை லோக்கலில் திரும்பிவிடுங்கள், இங்கே ஒரு கட்டில்தான் இருக்கிறது.

சந்தனம் நீங்களே கொண்டுவாருங்கள். பன்னீர் விடாமல் கெட்டியாகக் குழைத்து எடுத்துவாருங்கள். லேப்டாப்பை மூடி, ஸ்க்ரூ டிரைவரோடு பூஜையில் நானே வைக்கிறேன். என் எதிரில், மேல்மூடிக்கு நடுவில், பெரிதாக வையுங்கள். நான் சிரிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அதை யாரும் துடைக்கக் கூடாது. நானும் துடைக்கமாட்டேன்.

கிரிஜா